முடிவு தெரிந்த போர்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் பெருவீதி பெரகலைச் சந்தியை அடைவதற்கு முன் ஹல்துமுல்லையைக் கடந்து செல்கின்றது. ஒரு பக்கம் அப்புத்தளை மலைச்சுவர். மறு பக்கம், வானம் தெளிந்த நாளில், தாழ்நிலம் நெடுந்தூரம் விரிந்து கிடக்கும். இவ்வூரை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், 1998ஆம் ஆண்டின் ஓர் இரவில், கார் பற்றறியில் இயங்கும் சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியொன்றின் முன்னே பதினைந்து பேர் அளவில் கூடியிருந்தனர். அமெரிக்க மல்யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மலைபோன்ற உடலினர் இருவர் மோதி நீங்கியபின், மெலிந்த யப்பானிய இளைஞர் ஒருவர் மேடைக்கு வந்தார். கயிற்றின் உச்சிப்படியில் ஏறி நின்று, எதிராளியின் மீது கையை விரித்துக்கொண்டு பாய்ந்தார். சிறுவர் கூவினர்.

பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். கற்றவனுக்குரிய கடமையாக அவன் ஒரு செய்தியை அறிவித்தான்: "இதெல்லாம் பொய்ச்சண்டை தாத்தா. யாரு வெல்லுறதுன்னு மொதல்லயே பேசி வச்சிருவாங்க."

கிழவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெல்லுறது பொய்யா இருந்துட்டுப் போகட்டும்யா. விழுறதும் பொய்யா?" என்று கேட்டார்.

பேரனிடம் விடை இல்லை. கேட்டவருக்கோ அவ்வாறு கேட்பதற்கு உரிமை இருந்தது. கவ்வாத்துக் கத்தியோடு வாழ்நாளைக் கழித்த அத்தொழிலாளி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தம் தோட்டத்துக் காமன் கூத்திலே மதனாக ஆடியவர்.

மலையகத் தோட்டங்களிலே மாசி மாதத்தில் நடைபெறும் காமன் கூத்தினைக் கண்டோர்க்கு அதன் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. சிவன் தவத்தில் ஆழ்ந்திருக்கின்றான். தேவர்கள் துன்புறுகின்றனர். தவத்தைக் கலைத்து வருமாறு மன்மதன் ஏவப்படுகின்றான். போகவேண்டாம் என ரதி தடுக்கின்றாள். தான் கண்ட தீய கனவுகளை எடுத்துரைக்கின்றாள். மேலிடத்துக் கட்டளையை மீற இயலாத மதன் சென்று கணை தொடுக்கின்றான், நெற்றிக்கண் திறக்கின்றது, அவன் எரிகின்றான். கூத்தைக் காண வருபவர் எவரும் இம்முடிவை அறியாதவரல்லர். சென்ற ஆண்டும் மதன் எரிந்தான். வரும் ஆண்டும் எரிவான். எனினும் தப்பின் ஓசை உச்சத்தை அடைந்து மதன் வீழும் வேளையில் பெண்கள் உண்மையாகவே அழுகின்றனர். தமிழகத்தின் தஞ்சைப் பகுதியிலே எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவினர் எதிரெதிரே அமர்ந்து, காமன் எரிந்தானா இல்லையா என லாவணி பாடி வாதிடும் வழக்கும் உண்டு. பேரனுக்கும் தாத்தாவுக்கும் இடையே அன்றிரவு எழுந்த வழக்கு அதற்கு நெடுந்தொலைவில் இருந்ததன்று.

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தின் முடிவு முன்கூட்டியே வகுக்கப்படுகின்றது என்பது இன்று மறைபொருளன்று. ஆயின் அதன் மேடை இரும்புச் சட்டத்தின் மேல் பலகை பரப்பி, மெல்லிய மெத்தையும் கித்தானும் இட்டு அமைக்கப்படுவது. அதன்மேல் ஓர் இரவில் பலமுறை விழுபவனின் முதுகெலும்புக்குக் கதை தெரியாது. அக்கலையைக் கற்கப் புகும் மாணவனுக்கு முதலிற் பயிற்றப்படுவதும் வெல்லும் வித்தையன்று, விழும் வித்தையே ஆகும். மோவாயை மார்போடு ஒட்டவைத்துத் தலையைக் காத்தல், முதுகின் மேற்பரப்பு முழுவதும் ஒருங்கே படுமாறு வீழ்தல், கைகளை விரித்துத் தரையில் அறைந்து அதிர்ச்சியைப் பரப்புதல் என்பன அதன் அரிச்சுவடி. முடிவு ஒப்பந்தம், உழைப்பு மெய். எனவே முடிவு பொய்யா மெய்யா என்பதைவிட ஆழமான வினாக்கள் வேறு உள்ளன. விழுபவனுக்கு அவ்வேடத்தைத் தந்தவர் யார்? விழுந்தபின் அவனுக்காக அழுபவர் யார்?

தமிழிலக்கியத்திலே மற்போரைப் பற்றிய பழம்பாடல்களில் ஒரு பகுதி, அயலூரில் நின்று பொருதவன் ஒருவனைப் பற்றியதாக அமைந்திருப்பது ஈண்டு கருதத்தக்கது. புறநானூறு போற்றும் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, தந்தையாகிய தித்தனோடு பகைத்து, நாடிழந்து ஆமூரில் வாழ்ந்தவன் என்பர். அவ்வூர் மல்லனை அவன் வென்று நின்றபோது சாத்தந்தையார் பாடினார். வெற்றியின் வேகத்தைப் பாடிய அப்புலவர்க்கு, இதனைத் தித்தன் காணவேண்டும் என்ற ஏக்கமும் இருந்தது. தந்தை உவப்பானோ உவக்கமாட்டானோ, எவ்வாறாயினும் காணட்டும் என்பது அவர் கருத்து. அயலூரில் வெல்பவனுக்கு அவ்வூராரின் ஆரவாரம் மட்டும் போதுவதில்லை. தன்னை அறிந்த கண் ஒன்று காணவேண்டும்.

அத்தகைய கண் ஒன்றேனும் இன்றி அமெரிக்க மேடையில் ஏறிய முதல் யப்பானியர் மற்சூடா சொறாக்கிச்சி என்பவர். சூமோ மரபில் வந்த அவர் 1880களில் அமெரிக்கா சென்று, தம்மினும் பெரிய உடலினர் பலரோடு பொருதார். 1886இல் சிக்காகோவிலே எவன் லூயிஸ் என்னும் மல்லர் அவரது காலைப் பற்றித் திருகிக் கடுங்காயம் விளைத்தார். 1891இல் நியூயோர்க்கில் இளவயதிலேயே அவர் மாண்டார்.

ஆசியாவிலிருந்து சென்று அமெரிக்க மேடையிலே வெற்றி கண்டோருள் தனித்து எண்ணத்தக்கவர் கல்கத்தாவைச் சேர்ந்த யதீந்திர சரண் குகா. 1892இல் பிறந்த இவரை உலகம் அறிந்தது 'கோபர் கோகோ' என்ற பெயராலாகும். கோபர் என்பது சாணம். பருத்து, அசையாது கிடந்த குழந்தையைக் கண்டு பாட்டனார் அம்பிகா சரண் குகா செல்லமாக இட்ட பெயர் அது. எள்ளலிற் பிறந்த அப்பெயரையே அவர் கடல்கடந்து எடுத்துச் சென்றார். வட கல்கத்தாவின் மஸ்ஜித்பாரி வீதியில் அப்பாட்டனார் அமைத்த மற்பயிற்சிக் களரியில் விவேகானந்தரும் இளமையில் பயின்றார் என்பர். மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய குழியிலே, கழுத்திற் கனத்த கல்வளையத்தைச் சுமந்து உடலைத் திரட்டிய பயிற்சி கோபருடையது.

1910இல் காமா முதலிய பயில்வான்கள் இலண்டன் சென்றபோது இளைஞரான கோபரும் உடன் சென்றார். உயரம் குறைந்தவர் எனப் போட்டியில் சேர்க்கப்படாத காமா, தம்மோடு பொருத வருமாறு அனைவரையும் அறைகூவி அழைத்தார். அமெரிக்கரான ரோலரை வீழ்த்தினார். போலந்து நாட்டுச் சிபிஸ்கோவை ஒரு முறை நெடுநேரம் தரையிலே அழுத்தி வைத்திருந்தார். அடுத்த வாரம் மீண்டும் பொருதவேண்டிய சிபிஸ்கோ களத்துக்கே வரவில்லை. உடலின் அளவைக் கொண்டு ஒருவனை மதிப்பிடலாகாது என்பதைக் கோபர் கண்ணெதிரே கற்ற பாடசாலை அதுவே. 1913இல் அவர் ஸ்கொத்லாந்திலே ஜிம்மி கம்பெல், ஜிம்மி எசன் என்னும் இரு பெரு மல்லர்களை வென்றார். 1920இல் அமெரிக்கா சென்றார்.

அங்கே அவருக்கு எதிரே நின்றவருள் முதன்மையானவர் ஜேர்மனியிற் பிறந்த அட் சன்ரெல். இலகு பேரெடைப் பிரிவின் உலக வீரர் என உரிமை கோரியவர். யப்பானிய யூடோக் கலைஞரான இத்தோ தொக்குகோரோவுடன் சான் பிரான்சிஸ்கோவில் 1916இல் மோதியவர். 1921 மார்ச்சில் தோக்கியோ நகருக்கே சென்று, யசுக்குனி ஆலய வளாகத்தில் யூடோ வீரரை அறைகூவியவர். ஆசியாவின் மற்கலை அனைத்துக்கும் எதிரே தம்மை நிறுத்திக்கொண்ட இவரை அதே ஆண்டு ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவிலே கோபர் வென்றார். தொழில்முறை மல்யுத்தத்தில் உலகப் பட்டமொன்றை அமெரிக்க மண்ணில் வென்ற முதல் ஆசியர் எனக் கோபர் குறிக்கப்படுவது இவ்வெற்றியினாலேயே.

முடிவுகளை முன்பே பேசிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க மேடையில் அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது. ஆதலின் இவ்வெற்றியின் அளவு யாது என இன்று வாதிடுவார் வாதிடலாம். வாதத்திற்கு இடமில்லாத செய்தி வேறொன்று. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1922இல் யப்பானியர் ஒருவரின் வழக்கிலும், 1923இல் பகத்சிங் திந்த் என்னும் இந்தியரின் வழக்கிலும், இவர்கள் வெள்ளையர் அல்லர். ஆதலாற் குடியுரிமைக்கு உரியரல்லர் எனத் தீர்ப்பளித்தது. 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஆசியர்க்குக் கதவை ஏறத்தாழ முற்றாக மூடியது. மேடையின் மேலே பட்டம் பெற்ற உடலுக்கு மேடைக்குக் கீழே நிற்பதற்கு இடமில்லை. உழைக்கும் உடல் வேண்டும், உடலுக்குரியவன் வேண்டாம் என்னும் இக்கணக்கு மலையகத்தாருக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னும் கொழுந்து நாள்தோறும் நிறுக்கப்பட்டது. நிறுத்தவருக்கு நாடு இல்லாது போயிற்று.

கோபர் 1920களின் பிற்பகுதியிலே தாயகம் திரும்பினார். அமெரிக்க ஆரவாரத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. களரியின் மண்ணுக்கே மீண்டார். அடுத்தடுத்த தலைமுறையினர் அவரிடம் பயின்றனர். பின்னாளிலே திரைப்பாடகராகப் புகழ்பெற்ற மன்னா டேயும் மாணவப் பருவத்தில் அவரிடம் மற்பயிற்சி பெற்றவரே. 1972இல் கோபர் மறைந்தார்.

கோபருக்கு முக்கால் நூற்றாண்டு பிந்தியவர் அன்றிரவு ஹல்துமுல்லைத் திரையிலே பாய்ந்த இளைஞர். தக்காவோ யோஷிதா என்னும் அவர் 1973இல், யப்பானின் வடகிழக்கே மொரியோக்கா நகரிற் பிறந்தவர். அப்பிரதேசத்தின் பழம்பெயர் மிச்சினோக்கு. தலைநகரிலிருந்து செல்லும் வழியின் கடைக்கோடி என்ற பொருளில் வழங்கிய பெயர் அது. அவ்வூர்ப்பெயரையே தமக்கு ஈற்றுப்பெயராகக் கொண்டு 'தாக்கா மிச்சினோக்கு' என மேடையேறினார். கிரேற் சசுக்கே என்னும் முகமூடி மல்லரிடம் பயின்று, 1997 யூலையிலே கனடாவின் கல்கறி நகரில் அதே ஆசிரியருக்கு எதிரே அமெரிக்க நிறுவனமான உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் மேடையிற் தோன்றினார். அவ்வாண்டு டிசெம்பர் 7ஆம் நாள் அந்நிறுவனத்தின் இலகு பேரெடைப் பட்டம் அவர் இடுப்பை அடைந்தது. 1998 ஒக்டோபர்வரை பத்து மாதங்கள் அது அவரிடமே இருந்தது.

எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, தாமும் அமர்ந்தவாறே அவரது முதுகு தரையிற் படுமாறு இறக்குவது அவருடைய தனிப்பிடி. 'மிச்சினோக்கு டிரைவர்' என்பது அதன் பெயர். உலகெங்கும் மல்லர்கள் இன்றும் அப்பிடியை அப்பெயராலேயே கையாள்கின்றனர். யப்பானின் ஒரு மூலைப் பிரதேசத்தின் பெயர், அது எங்குள்ளது என்பதையே அறியாத அறிவிப்பாளர் நாவிலெல்லாம் ஒலிக்கின்றது.

அவருக்கு வாய்த்த பிற வேடங்களோ வேறு. யப்பானியர் சிலரோடு ஒரு குழுவாகச் சேர்க்கப்பட்டு, முதலில் வில்லராகவும் பின்னர் நகைப்புக்குரியோராகவும் நிறுத்தப்பட்டார். 2000ஆம் ஆண்டளவில் அவரும் அவருடைய கூட்டாளி பூனாக்கியும் ஒலிவாங்கியின் முன் நின்று வாயசைப்பர். அவ்வசைவோடு சிறிதும் பொருந்தாமல் வேறெவரோ பேசிய ஆங்கிலம் ஒலிபரப்பாகும். யப்பானியத் திரைப்படங்கள் ஆங்கிலத்திற் குரல்மாற்றப்படுவதைப் பகடி செய்த உத்தி அது. கூட்டம் சிரித்தது, இருவரும் அதனாற் பெரும் விருப்பத்துக்குரியோர் ஆயினர் என்பதும் உண்மையே. எனினும் வாய் ஒருவருடையது, சொல் இன்னொருவருடையது என்னும் காட்சி, தம் சார்பிலே பிறர் பேசக் கேட்டே பழகிய மக்களுக்கு முழுச்சிரிப்பாக அமைதல் அரிது.

அதற்குச் சற்று முந்தியது சனவரி 2000. நியூயோர்க்கில் முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக மேடையேறி, ஒருவரை ஒருவர் கயிற்றுக்கு வெளியே எறியும் பெருமோதல். தாக்கா மேற்கயிற்றின் மேலாக எறியப்பட்டு, கைகளை ஊன்ற இயலாமல் முகங்குப்புறத் தரையில் மோதினார். அது கதையில் இல்லாத காயம். ஆயினும் வருணனையாளர் வேண்டுகோளுக்கிணங்க அவ்வீழ்ச்சி அன்றிரவே திரும்பத் திரும்பத் திரையிற் காட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் வருணனையாளர் சிரித்தார்.

லயத்திலும் அது காட்டப்பட்டது. முதல் முறை சிறுவர் சிரித்தனர். இரண்டாம் முறையும் சிரித்தனர். மூன்றாம் முறை கிழவர் கையை உயர்த்தவே சிரிப்பு அடங்கிற்று. வாய்திறந்து பேச அவருக்குச் சிறிது நேரம் சென்றது.

"கையக் குடுக்க நேரமில்ல அவனுக்கு," என்றார். பின்னர், "இவன எழுப்பிவிட ஒருத்தரும் வரலயாய்யா?" என்று பேரனைக் கேட்டார்.

இவ்விடத்திலேயே காமன் கூத்தும் அமெரிக்க மேடையும் பிரிகின்றன. இரண்டிலும் முடிவு முன்பே தெரியும். இரண்டிலும் மேலிடம் ஏவியவனே வீழ்கின்றான். ஆனாற் கூத்திலே மதன் விழுந்தபின் ரதி புலம்புகின்றாள். அவளோடு தோட்டமே புலம்புகின்றது. விரதமிருந்து ஆடிய அத்தொழிலாளியை ஊரார் தாங்கிப் பிடித்து நீர் தெளிக்கின்றனர். எரிந்தவன் மூன்றாம் நாள் எழுப்பப்படுகின்றான். அவ்வேடத்தை அவனுக்குத் தந்ததும் அவனுடைய ஊரே. பகலிலே அவனுக்குப் பேர் போடுபவர் கணக்கப்பிள்ளை. குறித்த வேலை முடியாவிடின் அரைப்பேர். இரவிலே கூத்துக்களத்தில் அவனுக்குப் பேர் தருபவர் அவனுடைய மக்கள். அங்கே அரைப்பேர் என்பது இல்லை. தாக்காவின் மேடையிலே வீழ்ந்தவனுக்காக அழும் பகுதி எழுதப்படவில்லை. வீழ்ச்சி மட்டும் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது.

எழுப்புதல் பின்னர் வேறோரிடத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மேடையை விட்டு நீங்கிய தாக்கா, கையென்தாய் டோஜோ என்னும் பயிற்சிக்கூடத்தை 2002 முதல் யப்பானிலே பல ஆண்டுகள் நடத்தினார். அமெரிக்காவிற் கேலிக்குரியதாக்கப்பட்ட குழுவின் பெயரையே அதற்குச் சூட்டினார். உடலாற் சிறிய இளைஞர் பலர் அங்கே பயின்று மல்லராயினர். சாணம் என்ற பெயரைச் சுமந்து சென்று பட்டத்தோடு திரும்பிய கோபர், கல்கத்தாவின் மண்குழியிலே செய்ததும் இதுவேயாகும். இருவரும் அயலார் மேடையில் அயலார் எழுதிய முடிவுகளுக்கு உட்பட்டனர்; இருவரும் தாம் உடலாற் கற்றதைத் தம்மவர் கையில் ஒப்படைத்தனர். பட்டங்கள் கைமாறும் இயல்பின. கையிலிருந்து கைக்குச் செல்லும் கலை அவ்வாறு எளிதிற் பறிபோவதன்று.

அவ்வாண்டு மாசியிலே தோட்டத்துக் காமன் கூத்தில் மதனாக ஆடக் கிழவரால் இயலவில்லை, முழங்கால் இடங்கொடுக்கவில்லை. பதினாறு வயது இளைஞன் ஒருவன் தெரிவுசெய்யப்பட்டான். மாலைவேளைகளில் காமன் பொட்டலிலே கிழவர் அவனுக்கு ஆட்டம் பழக்கினார். அடவுகளை அவன் விரைவிலே பிடித்துக்கொண்டான். எரியும் கட்டத்திலேதான் தடுமாறினான். விழுவதற்கு அஞ்சி முதலிற் கையை ஊன்றினான். பின்னர் மண்டை அடிபட விழுந்தான். பார்த்திருந்த சிறுவரில் ஒருவன் சிரித்தான்.

கிழவர் சிரித்தவனைக் கடிந்துகொள்ளவில்லை. விழுந்தவனிடம் சென்று கைகொடுத்துத் தூக்கினார்; முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"தலைய நெஞ்சோட ஒட்ட வச்சுக்கய்யா. ஒடம்ப லேசா விடு. பின்னால ஆளு நிக்கிது, பயப்படாத," என்றார்.

சிரித்த சிறுவனை அழைத்து, விழுபவனுக்குப் பின்னே நிறுத்தினார். தப்பு மீண்டும் முழங்கத் தொடங்கிற்று.